நாழிகையும் திங்களும்: காலவளவைச் சொற்கள் பற்றிய ஓர் ஆய்வு

1. முன்னுரை

ஒரு மாதத்திற்கு எத்தனை மணி என்று வினவின், 720 என்று பள்ளி மாணவனும் உடனே விடை கூறுவான். நாளொன்றுக்கு 24 மணி, மாதமொன்றுக்கு 30 நாள் எனப் பெருக்கி வந்த விடை அது. பெருக்கலிற் பிழையில்லை. ஆயினும், தமிழ் நூல்களிலும் கல்வெட்டுகளிலும் பஞ்சாங்கங்களிலும் 'மாதம்' என்றும் 'திங்கள்' என்றும் வழங்கும் காலப்பகுதிகளுள் பெரும்பாலானவற்றுக்கு அவ்விடை பொருந்தாது. ஒரு மாதம் 704 மணியாகவும் அமையலாம். 758 மணியாகவும் அமையலாம். 655 மணியாகவும் அமையலாம். எம்மாதம் என்று கேளாமல் எத்தனை மணி என்று கூறுதல் இயலாது.

இது கணிதர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. பழைய நூலைப் பதிப்பிப்போர், கல்வெட்டுக்கு நாள் காண்போர், மருத்துவச் சுவடிகளுக்கு உரை எழுதுவோர், அகராதி தொகுப்போர் ஆகிய அனைவரும் ஏதேனும் ஓரிடத்திற் காலவளவையை ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகிற்கு மாற்ற வேண்டியவராகின்றனர். அவ்விடத்தில் நிகழும் பிழைகள் பெரும்பாலும் கணக்கினால் வருவன அல்ல. சொற்பொருளை ஆராயாமையால் வருவன. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம். முதற்கண் நாளின் உட்பகுப்புகளையும், பின்னர் மாதத்தின் வகைகளையும், அதன்பின் இவை ஆராய்ச்சியிற் பயன்படும் இடங்களையும் நோக்குவோம்.

2. நாளின் உட்பகுப்பு

பழந்தமிழர் நாளை அளந்த அடிப்படை அலகு நாழிகை. நாள் ஒன்றுக்கு நாழிகை 60. ஆகவே, ஒரு நாழிகை இக்காலத்து 24 நிமிடமாகும். இரண்டரை நாழிகை ஒரு மணியாகும். நாழிகையை 60 கூறிட்டால் ஒரு கூறு விநாழிகை. இதனை விநாடி என்றும் வழங்குவர். இஃது இக்காலத்து 24 நொடிக்குச் சமம். விநாழிகையை மேலும் 60 கூறிட்டது தற்பரை.

நாழிகையை நீர்க்கலத்தால் அளந்தனர். அக்கலம் கன்னல் எனவும் நாழிகை வட்டில் எனவும் பெயர் பெற்றது. முல்லைப்பாட்டில், பாசறையில் இருந்த அரசனுக்குக் கன்னல் கொண்டு பொழுது அளந்து கூறுவோர் குறிக்கப்படுகின்றனர். சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதையில் நகரத்தார் பலரோடு நாழிகைக் கணக்கரும் எண்ணப்படுகின்றனர். எனவே, நாழிகை என்பது ஏட்டளவில் நின்ற அலகன்று; அதனை அளத்தற்கென்றே தொழில்முறை மாந்தர் இருந்தனர் என்பது தெளிவு.

நாழிகைக்குக் கீழும் மேலும் உள்ள அலகுகளை எண்சுவடி முறையில் வழங்கும் வாய்பாடு ஒன்று தொகுத்துக் கூறும். அது வருமாறு: கண்ணிமை இரண்டு கைந்நொடி, கைந்நொடி இரண்டு மாத்திரை, மாத்திரை இரண்டு குரு, குரு இரண்டு உயிர், உயிர் இரண்டு சணிகம், சணிகம் பன்னிரண்டு விநாடி, விநாடி அறுபது நாழிகை, நாழிகை இரண்டரை ஓரை, நாழிகை மூன்றேமுக்கால் முகூர்த்தம், முகூர்த்தம் இரண்டு சாமம், சாமம் நான்கு பொழுது, பொழுது இரண்டு நாள், நாள் பதினைந்து பக்கம், பக்கம் இரண்டு மாதம், மாதம் ஆறு அயனம், அயனம் இரண்டு ஆண்டு.

இவ்வாய்பாட்டில் நோக்கத்தக்கன மூன்று.

முதலாவது, மணி என்னும் அலகு நம்மவர்க்குப் புதிதன்று. இரண்டரை நாழிகை கொண்ட ஓரை அதுவே. ஓரை என்னும் சொல் கிரேக்க மொழியினின்று வடமொழி வழியாக வந்ததென்பர். தொல்காப்பியக் களவியலில் வரும் ஓரை என்பதன் பொருள் யாதென்பது பற்றி அறிஞரிடையே நெடிய வாதம் நிகழ்ந்துள்ளது. அவ்வாதம் ஈண்டு வேண்டுவதன்று. மணி என்பதோ, பொழுதறிவிக்க அடிக்கும் மணியோசையால் வந்த ஆகுபெயர்.

இரண்டாவது, முகூர்த்தம். வடமொழிக் கணித நூல்களில் முகூர்த்தம் இரண்டு நாழிகை. நாளொன்றுக்கு 30 முகூர்த்தம். இவ்வாய்பாட்டிலோ மூன்றேமுக்கால் நாழிகை. நாளொன்றுக்கு 16 முகூர்த்தம். முன்னையது 48 நிமிடம். பின்னையது 90 நிமிடம். ஒரு நூலில் முகூர்த்தம் என வருமிடத்து, அந்நூல் எம்மரபைச் சார்ந்தது என்று அறிந்த பின்னரே அதனை நிமிடமாக்குதல் வேண்டும்.

மூன்றாவது, இவ்வாய்பாட்டின் மாதம் 30 நாளும், ஆண்டு 360 நாளும் கொண்டவை. மேலே பள்ளி மாணவன் கூறிய 720 மணி இம்மாதத்திற்கே உரியது. வாய்பாட்டை மனப்பாடமாகக் கொண்டோர் எல்லா மாதமும் இதுவே எனக் கருதுதல் இயல்பு. அது பொருந்தாமையைப் பின்னர்க் காட்டுவோம்.

3. பொருள் மாறிய சிறுசொற்கள்

நாளின் உட்பகுப்புச் சொற்களுள் இன்றும் வழக்கில் உள்ளவை நிமிடம், விநாடி, நொடி என்பன. இம்மூன்றும் பழைய பொருளில் இன்று வழங்கவில்லை.

நிமிடம் என்பது நிமேடம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. கண் இமைத்தல் என்பது அதன் பொருள். கண்ணிமைப் பொழுதைக் குறித்த சொல் இன்று ஒரு மணியின் அறுபதில் ஒரு கூற்றைக் குறிக்கின்றது. விநாடி நாழிகையின் அறுபதில் ஒரு கூறாய், 24 நொடி அளவினதாய் இருந்தது. இன்று நிமிடத்தின் அறுபதில் ஒரு கூறாகச் சுருங்கியது. நொடி என்பது கைந்நொடிப் பொழுது. தொல்காப்பியம் கண்ணிமையையும் நொடியையும் மாத்திரைக்கு ஒத்த அளவாகவே வைக்கின்றது. எண்சுவடி வாய்பாடு அவற்றை ஒன்றனுக்கொன்று இரட்டித்துச் செல்கின்றது. இவ்வேறுபாடு தனியே ஆராயத்தக்கது. வாய்பாட்டின்படி நோக்கின் ஒரு விநாடிக்குக் கைந்நொடி 192 ஆகும். அஃதாவது, ஒரு கைந்நொடி இக்காலத்து ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்கே.

இன்றோ நொடியும் விநாடியும் ஒரே காலவளவைக் குறிக்கும் இரு சொற்களாயின. ஒன்று எட்டு மடங்கு பெருகியும், மற்றொன்று இருபத்து நான்கில் ஒன்றாகக் குறுகியும் ஓரிடத்தில் வந்து கூடின. ஒன்றுக்கு நூற்றுத்தொண்ணூற்றிரண்டு என நின்ற இரு சொற்கள் ஒரு பொருட் கிளவியாதல் சொல் வரலாற்றில் வியக்கத்தக்க நிகழ்ச்சியே. புதிய அறிவியலுக்குப் பழைய சொற்களை எடுத்தாளுதல் குற்றமன்று. ஆயினும், அகராதியில் இவ்விரு பொருளும் அவ்வவற்றின் காலத்தோடு வைத்துக் காட்டப்படுதல் இன்றியமையாதது.

நாழிகை என்னும் சொல்லும் எங்கும் 24 நிமிடத்தையே குறிப்பதன்று. கிறித்தவ மறைநூலின் பழைய தமிழ்ப் பெயர்ப்பில், கிரேக்க மூலத்து ஓரைக்கு நேராக நாழிகை என்னும் சொல் ஆளப்பட்டுள்ளது. அவ்விடத்து அதற்கு வேளை என்பதே பொருள். 'நாழிகை வழி' என வருங்கால் அது காலமன்று. ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தொலைவு. இவ்விடங்களிற் பெருக்கல் வாய்பாடு பயன்படாது.

யாமம் என்பதும் இத்தகையதே. காவல் முறையில் நாளை எட்டாகப் பகுத்த யாமம் அல்லது சாமம் ஏழரை நாழிகை. அஃதாவது 3 மணி. அகத்திணையில் வரும் சிறுபொழுது ஆறனுள் ஒன்றாகிய யாமமோ பத்து நாழிகை. அஃதாவது இரவின் நடுக்கூறாகிய 4 மணி. குறிஞ்சிக்குரிய யாமம் என உரைகாரர் கூறுமிடத்து மூன்று மணி எனக் கொள்ளுதலும், மருத்துவச் சுவடியில் நான்கு சாமம் அரைக்க எனக் கூறுமிடத்துப் பதினாறு மணி எனக் கொள்ளுதலும் ஒருங்கே பிழையாம். பின்னையது 12 மணியே.

சிறுபொழுதுகளைப் பத்துப் பத்து நாழிகையாகப் பகுத்தலும் இலக்கிய வரையறையே என்பதை மறத்தலாகாது. சென்னையில் ஆனி மாதத்து நீண்ட பகல் ஏறத்தாழ 32 நாழிகை. மார்கழி மாதத்துக் குறும்பகல் ஏறத்தாழ 28½ நாழிகை. பஞ்சாங்கங்கள் இப்பகலளவை அகசு என்னும் பெயரால் நாள்தோறும் தருகின்றன. முப்பது நாழிகைப் பகல் என்பது சராசரி அளவே.

4. மாதம் நால்வகை

இனி மாதத்திற்கு வருவோம். கணித நூலார் மாதத்தை நான்கு வகையாகக் கூறுவர்.

ஒன்று, சாவன மாதம். ஞாயிறு எழுந்து மீண்டும் எழும் நாள் முப்பது கொண்டது. நாழிகை 1,800, மணி 720.

இரண்டு, சாந்திர மாதம். மறைமதி தொடங்கி அடுத்த மறைமதி வரையுள்ள காலம். அதன் சராசரி அளவு 29 நாள் 31 நாழிகை 50 விநாழிகை. அஃதாவது 708 மணி 44 நிமிடம். இதனை முப்பது கூறாக்கினாற் கிடைப்பது திதி. சராசரித் திதி 59 நாழிகைக்குச் சற்று மிகுதி. ஆனால் மதியின் வேக வேறுபாட்டால் ஒரு திதி ஏறத்தாழ 50 நாழிகை முதல் 67 நாழிகை வரை மாறும். எனவே, வாய்பாட்டில் வரும் 'நாள் பதினைந்து பக்கம்' என்பதில் நாள் என்றது திதியையே எனக் கொண்டாலன்றி அது வானத்து மதியோடு பொருந்தாது.

மூன்று, நாட்சத்திர மாதம். மதி ஒரு விண்மீனை விட்டு மீண்டும் அதனையே அடையும் காலம். 27 நாள் 19 நாழிகை 18 விநாழிகை. அஃதாவது 655 மணி 43 நிமிடம்.

நான்கு, சௌர மாதம். ஞாயிறு ஓர் ஓரையிற் புகுந்து அடுத்த ஓரையிற் புகும் வரையுள்ள காலம். ஈண்டு ஓரை என்றது இராசியை. தமிழகத்தில் இன்று சித்திரை, வைகாசி என வழங்கும் மாதங்கள் இவையே. வாக்கியப் பஞ்சாங்க மரபில் இவற்றின் அளவு பின்வருமாறு. நாள், நாழிகை, விநாழிகை என்னும் முறையில் முதலிலும், அதற்கு நேரான மணியும் நிமிடமும் அடுத்தும் தரப்படுகின்றன.

சித்திரை: 30 – 55 – 32, 742 மணி 13 நிமிடம்
வைகாசி: 31 – 24 – 12, 753 மணி 41 நிமிடம்
ஆனி: 31 – 36 – 38, 758 மணி 39 நிமிடம்
ஆடி: 31 – 28 – 12, 755 மணி 17 நிமிடம்
ஆவணி: 31 – 2 – 10, 744 மணி 52 நிமிடம்
புரட்டாசி: 30 – 27 – 22, 730 மணி 57 நிமிடம்
ஐப்பசி: 29 – 54 – 7, 717 மணி 39 நிமிடம்
கார்த்திகை: 29 – 30 – 24; 708 மணி 10 நிமிடம்
மார்கழி: 29 – 20 – 53, 704 மணி 21 நிமிடம்
தை: 29 – 27 – 16; 706 மணி 54 நிமிடம்
மாசி: 29 – 48 – 24; 715 மணி 22 நிமிடம்
பங்குனி: 30 – 20 – 21¼, 728 மணி 8½ நிமிடம்

இவற்றைக் கூட்டினால் 365 நாள் 15 நாழிகை 31 விநாழிகை 15 தற்பரை வரும். மணியாக்கின் 8,766 மணி 12½ நிமிடம். இதனைப் பன்னிரண்டாற் பகுத்தாற் கிடைக்கும் சராசரி மாதம் 730 மணி 31 நிமிடம். ஆனால் பன்னிரு மாதங்களுள் ஒன்றேனும் இச்சராசரியோடு முற்றும் ஒத்திலது. புரட்டாசி ஒன்றே அதனை அணுகி நிற்கின்றது.

ஆனிக்கும் மார்கழிக்கும் உள்ள வேறுபாடு 2 நாள் 15 நாழிகை 45 விநாழிகை. அஃதாவது 54 மணி 18 நிமிடம். இவ்வேறுபாட்டிற்குக் காரணம் வானத்தில் உள்ளது. நிலவுலகு ஞாயிற்றைச் சுற்றும் பாதை முழுவட்டம் அன்று. சனவரித் தொடக்கத்தில், மார்கழி மாதத்தில், நிலவுலகு ஞாயிற்றுக்கு மிக அண்மையில் இருந்து விரைந்து செல்கின்றது. சூலைத் தொடக்கத்தில், ஆனி மாதத்தில், மிகத் தொலைவில் இருந்து மெல்லச் செல்கின்றது. ஆகவே ஓர் ஓரையைக் கடக்க மார்கழியிற் காலம் குறைவும், ஆனியிற் காலம் மிகுதியும் ஆகின்றன. நம் முன்னோர் இவ்வேறுபாட்டை விநாழிகை அளவிற் கணித்து ஏட்டில் எழுதி வைத்தனர்.

5. கழிந்த மாதமும் நாட்காட்டி மாதமும்

மேற்காட்டிய அளவுகள் ஞாயிறு இராசி மாறும் நொடி முதலாகக் கணித்தவை. மக்கள் வழங்கும் மாதமோ முழு நாளிலே தொடங்க வேண்டும். ஆகவே ஒரு விதி வேண்டுவதாயிற்று. தமிழகத்தில், ஞாயிறு மறைவதற்கு முன் சங்கிராந்தி நிகழின் அந்நாளே முதல் நாள். மறைந்த பின் நிகழின் மறுநாளே முதல் நாள். மலையாள நாட்டில், பகலின் 18 நாழிகைக்குள் சங்கிராந்தி நிகழின் அந்நாளும், அதற்குப் பின் நிகழின் மறுநாளும் முதல் நாளாகும். ஒரே சங்கிராந்திக்கு இரு நாடுகளில் ஒரு நாள் வேறுபாடு சில ஆண்டுகளில் தோன்றுதல் இதனாலேயே.

இவ்விதியின்படி நாட்காட்டி மாதம் 29 நாளாகவும், 30, 31, 32 நாளாகவும் வரும். 29 நாள் மாதத்திற்கு மணி 696. 32 நாள் மாதத்திற்கு மணி 768.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். 2,000 மணியை மாதமாக்குக என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். 2,000 மணி 5,000 நாழிகை. 83 நாள் 20 நாழிகை. இதுவரை ஐயம் இல்லை. இதனைச் சாவன மாதமாக்கின் 2 மாதம் 23 நாள் 20 நாழிகை. சாந்திர மாதமாக்கின் 2 மாதம் 24 நாள் 16 நாழிகை 20 விநாழிகை. சௌர மாதமாக்கின், எங்கிருந்து தொடங்குவது என்று மீண்டும் கேட்டல் வேண்டும். சித்திரைத் தொடக்கம் முதல் எண்ணின் 2 மாதம் 21 நாள் 16 விநாழிகை. கார்த்திகைத் தொடக்கம் முதல் எண்ணின் 2 மாதம் 24 நாள் 28 நாழிகை 43 விநாழிகை. ஒரே காலவளவு, ஒரே வகை மாதம்; தொடக்கம் வேறாகவே மூன்றரை நாளளவு வேறுபாடு எழுகின்றது.

ஆகவே, மணியை நாளாக்குதலும் நாளை மாதமாக்குதலும் ஒரே தன்மைய அல்ல. முன்னது வெறும் வகுத்தல். பின்னது வகுத்தல் அன்று. ஒரு நாட்காட்டியில் இடம் காணுதல்.

6. திங்களும் நாயிறும்

இவ்வேறுபாட்டைத் தமிழ் மொழி அறியாதிருக்கவில்லை. திங்கள் என்பது மதியின் பெயர்; அதுவே மதியால் அளக்கப்படும் மாதத்திற்கும் ஆயிற்று. மாதம் என்னும் வடசொல்லும் மதியைக் குறித்த சொல்லின் வழியதே. ஆனால் பிற்காலச் சோழர், பாண்டியர் கல்வெட்டுகளில் மேஷ நாயற்று, ரிஷப நாயற்று என மாதத்தைக் குறிக்கும் வழக்கு மிகுதியாகக் காணப்படுகின்றது. நாயிறு என்பது ஞாயிறே. ஞாயிறு மேடத்தில் நிற்கும் காலம் மேட நாயிறு. எனவே, மதியால் அளந்த மாதத்திற்குத் திங்கள் என்றும், கதிரவனால் அளந்த மாதத்திற்கு நாயிறு என்றும் இரு சொற்கள் நம் மொழியில் அமைந்திருந்தன.

பிற்காலத்தில் நாயிறு என்னும் ஆட்சி வழக்கொழிந்து, இரு வகைக்கும் மாதம் என்ற ஒரு சொல்லே நின்றது. அதனோடு மற்றொரு மயக்கமும் கலந்தது. சித்திரை, விசாகம் முதலிய விண்மீன்களை அடுத்து முழுமதி நிற்றலால் வந்த பெயர்களே சித்திரை, வைகாசி என்பன. இப்பெயர்கள் இயல்பாகச் சாந்திர மாதத்திற்கு உரியவை. தமிழகத்தில் இவை சௌர மாதத்திற்கு வழங்குகின்றன. பெயர் மதியினது; அளவு கதிரவனது. மலையாளத்தார் மேடம், இடவம் என இராசிப் பெயராலேயே சௌர மாதத்தை வழங்குதல் இவ்வகையிற் பொருட்டெளிவு உடையது.

கல்வெட்டில் நாயிறும், பக்கமும், திதியும், கிழமையும், நாண்மீனும் ஒருங்கே குறிக்கப்படுதற்குக் காரணமும் இதனால் விளங்கும். நாயிறு கதிரவனின் நிலையைக் கூறும். பக்கமும் திதியும் மதிக்கும் கதிரவனுக்கும் உள்ள இடைவெளியைக் கூறும். நாண்மீன் மதியின் நிலையைக் கூறும். கிழமை நாள் வரிசையைக் கூறும். தனித்தனியே நோக்கின் ஒவ்வொன்றும் பல ஆண்டுகளுக்குப் பொருந்தும். ஒருங்கே நோக்கின் பொருந்தும் நாட்கள் மிகச் சிலவே. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1922-இல் வெளியிட்ட பெரும் பஞ்சாங்கத் தொகுதிகளின் துணைகொண்டு அறிஞர் கல்வெட்டுகளுக்கு நாள் கண்டது இவ்வடிப்படையிலேதான். நாயிற்றைத் திங்கள் எனக் கொண்டு கணக்கிடின் அம்முயற்சி முழுதும் பயனற்றதாகும்.

7. ஆராய்ச்சியில் இதன் பயன்

மேற்கூறியவற்றை மூன்று இடங்களிற் பொருத்திக் காட்டுவோம்.

முதலாவது, கோயில் நிவந்தங்கள். சோழர் காலக் கணக்குகளில் ஆண்டை 360 நாளாகக் கொண்டு, நாள்தோறும் அளக்கும் பொருளை ஆண்டளவாகப் பெருக்கும் முறை காணப்படுகின்றது. நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 ஆடு விடுத்து, நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்கச் செய்த நிவந்தங்கள் பல. உழக்கு நான்கு கொண்டது நாழி. எனவே, 360 நாளுக்கு 360 உழக்கு. அது 90 நாழி. ஆடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய் எனக் கணக்கு நேர்பட முடிகின்றது. ஆண்டை 365 நாளாகக் கொண்டால் 91¼ நாழி என வரும், அந்நேர்மை கெடும். 96 ஆடு விடுத்த நிவந்தங்களும் உள ஆகலின், இதனைப் பொதுவிதியாக யாம் கூறவில்லை. ஆயினும், பொருளியற் கணக்குக்குச் சாவன ஆண்டும், நாள் குறித்தற்குச் சௌர ஆண்டும் ஒரே காலத்தில் ஒரே கோயிலில் வழங்கின என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கல்வெட்டிற் காணும் நெல்லளவிலிருந்து அக்கால விளைவையோ கூலியையோ கணக்கிடும் ஆராய்ச்சியாளர், ஆண்டு 360 நாளா 365 நாளா என்று தெளிந்து தொடங்குதல் வேண்டும்.

இரண்டாவது, தாய் பத்துத் திங்கள் சுமந்தாள் என்னும் வழக்கு. இக்கால மருத்துவர் கருக்காலத்தை, இறுதிப் பூப்பு முதலாக 280 நாள் என்பர்; அஃதாவது 6,720 மணி. இதனைச் சாவன மாதமாக்கின் 9 மாதம் 10 நாள். சாந்திர மாதமாக்கின் 9 மாதம் 14 நாள் 13½ நாழிகை. சராசரிச் சௌர மாதமாக்கின் 9 மாதம் 6 நாள் 3 நாழிகை. நாட்சத்திர மாதமாக்கினால் மட்டுமே 10 மாதம் நிரம்பி, 6 நாள் 47 நாழிகை மிகும். ஆகவே, பத்துத் திங்கள் என்னும் தொடரைப் புலவரின் உயர்வு நவிற்சி எனத் தள்ளுதல் பொருந்தாது. நிரம்பிய மாதம் பத்து எனின் நாட்சத்திர மாதத்தாற் பொருந்தும். நடப்பு மாதம் பத்தாவது எனின் மற்றை மூவகையாலும் பொருந்தும். மக்கள் வழக்கு நாட்சத்திரக் கணக்கை அறிந்து அமைந்தது என்று இதனால் முடிவு கூறுதல் மிகை. நடப்பு மாதத்தை எண்ணும் பழக்கமே அதற்குப் போதிய காரணமாகலாம் என்று யாம் கருதுகின்றோம். பெருக்கிப் பார்க்கும் முன், எண்ணியது கழிந்ததோ நடப்பதோ என்று கேட்டல் வேண்டும் என்பதே இதனாற் பெறப்படுவது.

மூன்றாவது, ஓலைச் சாதகங்களும் மருத்துவச் சுவடிகளும். உதயாதி 10 நாழிகை 30 விநாடி என ஓலையிற் காணின், ஞாயிறு எழுந்த பின் 4 மணி 12 நிமிடம் என்பது பொருள். விநாடியை இக்காலப் பொருளிற் கொள்வோர் 4 மணி 30 நொடி என எழுதுவர். பதினொன்றரை நிமிடம் பிழைபடும். அக்காலத்துள் வானம் ஏறத்தாழ மூன்று பாகை திரும்பிவிடும். சாதகப் பலனில் நம்பிக்கையில்லாதவர்க்கும் இஃது இழப்பே. ஏனெனில் புலவர், புரவலர் பலரின் பிறந்த நாளை உறுதி செய்தற்கு அவ்வோலைகளே சான்றாக நிற்றல் கூடும். மருத்துவச் சுவடியிலோ விளைவு இன்னும் பெரிது. இரண்டு நாழிகை எரிக்க என்பதை இரண்டு மணி எனப் பெயர்த்தால், 48 நிமிடம் எரிக்க வேண்டிய மருந்து 120 நிமிடம் எரியும். உரையாசிரியனின் ஒரு சொற்பிழை நோயாளியின் உடம்பிற் போய் முடிதல் கூடும்.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. நாழிகையை மணியாக்குதலும் மணியை நாளாக்குதலும் மாறா அளவுடைய அலகுகளுக்குள் நிகழ்வன; அவற்றுக்கு வாய்பாடு போதும். நாளை மாதமாக்குதற்கு வாய்பாடு போதாது; மாதத்தின் வகையும், எண்ணத் தொடங்கும் இடமும், கழிந்ததோ நடப்போ என்பதும் தெரிதல் வேண்டும். விநாடி, நொடி, நிமிடம், யாமம், முகூர்த்தம் என்னும் சொற்கள் காலந்தோறும் மரபுதோறும் அளவு வேறுபட்டவை. அவற்றை இக்காலப் பொருளிற் பழைய நூலிற் புகுத்துதல் தகாது.

பதிப்பாசிரியர்க்கும் பட்ட ஆய்வு மாணவர்க்கும் யாம் பரிந்துரைப்பது ஒன்று உண்டு. மூலத்தில் உள்ள காலவளவைச் சொல்லை மாற்றாது அவ்வாறே வைத்து, அதற்கு நேரான மணியையும் நிமிடத்தையும் அடிக்குறிப்பில் தருக. மாதம் வருமிடத்து அது நாயிறோ திங்களோ என்று குறிப்பிடுக. பஞ்சாங்கத்தைச் சான்றாகக் கொள்ளின் வாக்கியமோ திருக்கணிதமோ என்பதையும் உடன் எழுதுக. வாக்கிய ஆண்டு, இக்கால வானூலார் கணித்த விண்மீன் ஆண்டினும் ஏறத்தாழ 3 நிமிடம் 20 நொடி மிகுந்தது. ஓராண்டிற் புலப்படாத இச்சிறு மிகை ஆயிரம் ஆண்டில் இரண்டு நாளைக் கடந்துவிடும். ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய கல்வெட்டுகளைக் கையாளும் நமக்கு இரண்டு நாள் சிறிய அளவன்று. அகராதித் துறையினர் மேற்கூறிய சொற்களின் பழைய அளவையும் புதிய அளவையும் வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் ஆக்குவராயின், அது பின்வரும் ஆராய்ச்சிகளுக்குப் பெருந்துணையாகும்.